நாயோடு தனியாக வெளியே போகும்போது டாய்லெட்: வெளியே கட்டுவதா, காரில் விடுவதா, உள்ளேயே கூட்டிப் போவதா?

நாயோடு தனியாக வெளியே கிளம்புகிறவர்கள் என்றாவது ஒரு நாள் இந்தச் சிக்கலில் மாட்டுவார்கள். பொதுக் கழிப்பறை எதிரிலேயே இருக்கிறது, நமக்கோ அவசரம், கையில் நாய். கூட ஒருவர் இருந்தால் லீஷை, அதாவது நாயைப் பிடித்திருக்கும் வாரை, நீட்டிவிட்டு ஓடலாம். தனியாள் என்றால் நான்கு வழிதான்: வெளியே கட்டிவிட்டுப் போவது, காரில் விட்டுவிட்டுப் போவது, முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது, அதுவும் இல்லையென்றால் உள்ளேயே கூட்டிப் போவது.

நான் பிடித்துக்கொண்டது கடைசி வழியை. என் நாயின் பெயர் மணி, எடை 18 கிலோ. தூக்கிக்கொண்டு திரிய முடியாது, கழிப்பறைக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதும் இல்லை. அப்படி ஒரு நடுத்தர நாயை வைத்திருப்பவர் எழுதுவது என்பதை மனதில் வைத்துப் படியுங்கள். இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

“கிளம்பும் முன் போய்விட்டுக் கிளம்பு” என்பது நல்ல பழக்கம்தான், ஆனால் இதற்குப் பதில் ஆகாது. சர்க்கரை நோய், கர்ப்பம், மாதவிடாய், வயது, இவையெல்லாம் நேரம் பார்த்து வருவதில்லை. டாய்லெட்டை நினைத்துத் தண்ணீர் குடிக்காமலே நடப்பது அதைவிடக் கெடுதல்.

எந்த வழியை எடைபோட்டாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். நான் உள்ளே இருக்கும் அந்தச் சில நிமிடம் லீஷின் மறுமுனை எங்கே இருக்கிறது? நாயின் கால் அழுக்கானால் கழுவிவிடலாம். நாலு பேர் ஒரு மாதிரி பார்த்தால் ஒரு சிரிப்போடு கடந்துவிடலாம். நாய் தொலைந்துபோனாலோ, சாலையில் பாய்ந்தாலோ, யாரையாவது கடித்துவிட்டாலோ அதைத் திருத்தவே முடியாது. சரிசெய்யக்கூடிய தொல்லை எவ்வளவு வந்தாலும் பரவாயில்லை, சரிசெய்ய முடியாத ஒன்று நடந்துவிடக் கூடாது. என் கணக்கு அவ்வளவுதான்.

வெளியே கட்டிவிட்டுப் போவது பார்க்க மிகச் சுலபம், அதனால்தான் பலர் செய்கிறார்கள். நாயைத் திருடுகிறவர்களுக்கு வேண்டியது ஒரு நிமிடம்தான் என்பதைச் சொல்லவே தேவையில்லை. ஆனால் திருட்டைவிட நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. கட்டிய நாயால் விலகிப் போக முடியாது. பயந்த நாய் முதலில் செய்வது ஒதுங்குவது. அந்த வழியை அடைத்துவிட்டால் மிச்சம் இருப்பது உறுமுவதும் கடிப்பதும்தான். ஒரு குழந்தை ஆசையாக ஓடிவந்து கட்டிப்பிடிக்கும், அல்லது கட்டாமல் திரியும் இன்னொரு நாய் நெருங்கும். தடுக்க நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். எதில் கட்டுகிறோம் என்பதும் இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி, சைக்கிள், விளம்பரப் பலகை மாதிரி நகரக்கூடிய எதிலும் கட்டக் கூடாது. நாய் ஒரு இழு இழுத்து அது சாய்ந்தால், தடதடவென்று பின்னாலேயே வரும் அந்தப் பொருளுக்குப் பயந்து நாய் நிற்காமல் ஓடும். நிஜமாகவே வேறு வழியில்லாமல் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், தரையில் ஊன்றிய கம்பத்தில், நல்ல ஹார்னஸ் (மார்பைச் சுற்றிப் போடும் பட்டை) போட்டு, லீஷைக் குட்டையாக வைத்துக் கட்டுங்கள். பின்னால் நகர்ந்து தலையை உருவிக்கொள்ளும் வித்தை பல நாய்களுக்குத் தெரியும், அதனால் வெறும் கழுத்துப்பட்டையை நம்ப வேண்டாம். இழுத்தால் இறுகும் சங்கிலி கழுத்தில் இருந்தால் கட்டிவிட்டுப் போகவே கூடாது.

காரைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. நிறுத்திய காருக்குள் வெயில் என்ன செய்யும் என்பதை 2005-இல் அமெரிக்க மருத்துவர்கள் அளந்து பார்த்தார்கள். வெளியே 22 டிகிரி செல்சியஸ்தான் இருந்த நாளிலும், ஒரு மணி நேரத்தில் உள்ளே 47 வரை ஏறியது. அந்த ஏற்றத்தில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே வந்துவிட்டது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. நாயின் உடல் சூடு இயல்பாகவே 38-லிருந்து 39 டிகிரி வரை இருக்கும், 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்க வேண்டும். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் சரியாக வராது. “ரெண்டே நிமிஷம்தானே” என்று நினைப்போம், உள்ளே போனால் வரிசை நிற்கும். நல்ல குளிர் நாளில், நிழலில், கண்ணெதிரே நிறுத்திய கார் என்றால் யோசிக்கலாம். டெஸ்லா 2019-இல் கொண்டுவந்த, வண்டியை நிறுத்திய பிறகும் ஏசியை ஓடவைக்கும் நாய் வசதி மாதிரியானவற்றை நான் பயன்படுத்தியதில்லை. அதை வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

தெரியாத ஒருவரிடம் கொடுப்பது கேட்கப் பயமாக இருந்தாலும், கட்டிவிடுவதைவிட மேல் என்பது என் கருத்து. லீஷின் மறுமுனையில் கம்பம் இல்லை, ஒரு மனிதர் இருக்கிறார். யாரிடம் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தானும் ஒரு நாயோடு வந்தவர் வேண்டாம், இரண்டு லீஷும் பின்னிக்கொள்ளும். நாய் வளர்த்துப் பழகி, இப்போது கை காலியாக இருப்பவர்தான் சரி. வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் பணியாளர் இன்னும் நல்லது, அவர் அந்த இடத்தை விட்டு எங்கேயும் போகப் போவதில்லை. கொடுக்கும்போது லீஷின் வளையத்தை அவர் மணிக்கட்டில் மாட்டிவிடுங்கள், விரலில் பிடிக்க விடாதீர்கள். நாம் கதவுக்குள் மறைந்ததும் நாய் நம் பின்னாலேயே பாயும், பழகாத கை அந்த முதல் இழுப்பில்தான் நழுவும். கைப்பிடிக்குள் தானாகச் சுருண்டுகொள்ளும் சுருள் லீஷைக் கொடுக்கவே கூடாது. அதன் கைப்பிடி கீழே விழுந்தால் சடசடவென்று நாயைத் துரத்திக்கொண்டே போகும். எனக்கு இந்த வழியில் அனுபவம் குறைவு. மணி யாரிடமும் ஒட்டிக்கொள்வான். அந்நியரைக் கண்டால் ஒதுங்கும் நாயை இப்படிக் கொடுக்க முடியுமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இனி என் வழிக்கு வருகிறேன்.

உள்ளே கூட்டிப் போவதில் எல்லாமே இடுப்பு லீஷில், அதாவது நம் உடம்பில் பெல்ட்டாகக் கட்டிக்கொள்ளும் லீஷில்தான் இருக்கிறது. கையில் பிடிக்கும் லீஷோடு போனால் தாழ்ப்பாள் போட ஒரு கை, துணியைப் பிடிக்க ஒரு கை, தண்ணீருக்கு ஒரு கை என்று கை போதாது. உடனே எல்லோரும் செய்வது லீஷைக் கதவுக் கொக்கியில் மாட்டுவது. அது பையைத் தாங்கத்தான் இரண்டு சின்ன ஆணியில் நிற்கிறது, நாய் எழுந்து ஒரு இழு இழுத்தால் கையோடு வந்துவிடும். தாழ்ப்பாளில் மாட்டினால் இன்னும் மோசம், நாய் இழுக்கிற இழுப்பில் கதவே திறந்துகொள்ளலாம். காலடியில் மிதித்து வைத்துக்கொண்டாலோ, எழுந்திருக்கும் நேரத்தில் கால் தானாக நகரும்.

இடுப்பு லீஷிலும் எல்லாமே உதவாது. ஓடுகிறவர்களுக்கு என்று விற்கும் ரப்பர் மாதிரி நீளும் வகை இங்கே வேண்டாம், நாய் பக்கத்து அறைக்குள் போகும் அளவுக்கு அது நீளும். நீளாத பட்டை, பெல்ட்டில் ஒரு உலோக வளையம், அதில் சாதாரண லீஷின் கொக்கி, இது போதும். நீளத்தை மாற்ற லீஷில் நடுவிலும் ஒரு வளையம் இருந்தால் நல்லது. நடக்கும்போது ஒன்றரை மீட்டர், உள்ளே போனதும் அரை மீட்டர்.

பெல்ட்டை எங்கே கட்டுகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். பேண்ட்டின் மேல், பேண்ட்டின் இடுப்பிலேயே கட்டினால் துணியை இறக்கும்போது பெல்ட்டும் சேர்ந்து இறங்கிக் கணுக்காலில் நிற்கும். அந்த நேரம் நாய் இழுத்தால் நீங்கள்தான் விழுவீர்கள். அதனால் பெல்ட்டை விலாவுக்குக் கீழே, சட்டையின் மேல், கொஞ்சம் உயரமாகக் கட்டுங்கள். இல்லையென்றால் தோளுக்குக் குறுக்காகப் போடும் வகையை வாங்குங்கள். நான் இப்போது போடுவது அந்த வகைதான். புடவையோ நீளமான குர்தாவோ கட்டுகிறவர்களுக்கும் அதுதான் வசதி. லீஷ் எப்போதும் பக்கவாட்டில் போக வேண்டும். கால்களுக்கு நடுவில் போனால் துணியோடு சிக்கும்.

நுழைவதிலும் ஒரு முறை இருக்கிறது. பெரும்பாலான கழிப்பறைக் கதவுகள் உள்பக்கம் திறப்பவை. நாயை முன்னால் விட்டால் அது நேரே கோப்பையிடம் போய் நிற்கும், பிறகு உங்களுக்கும் கதவுக்கும் இடமே இருக்காது. நீங்கள் முதலில் நுழைந்து கோப்பைப் பக்கம் திரும்பாமல் சுவரோரம் ஒதுங்கி, நாயை உள்ளே வரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, கதவுக்கும் சுவருக்கும் இடையிலான மூலையில் உட்காரச் சொல்லுங்கள். நாயின் முதுகு மூலையில், முகம் உங்களை நோக்கி. பக்கத்து அறைத் தடுப்புக்குக் கீழே இடைவெளி இருந்தால் அந்தப் பக்கம் நாயை வைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கு அடியில் ஒரு மூக்கு நீண்டால் அவர் அலறுவதில் தப்பே இல்லை. குந்தி உட்காரும் வகைக் கழிப்பறையில் நாயின் முகமும் நம் முகமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும், நக்க வரும். “இரு” என்ற ஒரு சொல்லுக்கு அடங்கும் நாய்க்குத்தான் அது சரிப்படும்.

அந்த “இரு”வை வீட்டு பாத்ரூமிலேயே பழக்கிவிடலாம். கதவைச் சாத்தி, மூலையில் உட்காரவைத்து, ஃபிளஷ் சத்தத்துக்கு ஒரு தின்பண்டத் துணுக்கு. கை உலர்த்தும் மெஷினுக்கு மட்டும் தனியாகப் பழக்க வேண்டும். 2019-இல் வெளியான ஒரு கனடா ஆய்வு, சில மெஷின்கள் குழந்தைகளின் காது உயரத்தில் 100 டெசிபலைத் தாண்டுவதாகக் காட்டியது. நாயின் காதும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் இருக்கிறது, நமக்குக் கேட்காத மேல்சுருதி ஒலிகளும் அதற்குக் கேட்கும். நான் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். ஆனால் பக்கத்தில் இருப்பவர் எப்போது அமுக்குவார் என்று யாருக்குத் தெரியும்? அந்த நேரத்தில்தான் லீஷ் இடுப்பில் இருப்பதன் அருமை தெரியும்.

உள்ளே கூட்டிப் போவதை எதிர்ப்பவர்கள் சொல்லும் நியாயமான காரணம் தரை. ஒத்துக்கொள்கிறேன். ஈரத் தரையில் ஃபினாயில், கிருமிநாசினி, சிறுநீர் எல்லாம் கலந்திருக்கும், நாய் பிறகு அந்தப் பாதத்தைத்தான் நக்கும். பென்சால்கோனியம் குளோரைடு கலந்த கிருமிநாசினி நாயின் வாயையும் நாக்கையும் புண்ணாக்கும். மூலையில் கிடக்கும் அந்துருண்டையை விழுங்கினால் விஷம், நேராக மருத்துவரிடம்தான். இதற்கெல்லாம் நான் செய்திருக்கும் ஏற்பாடு ஒரு சின்ன விரிப்பு. மடித்தால் பையில் அடங்கும், அடிப்பக்கம் நீர் புகாத துணி. மூலையில் விரித்தால் மணி அதன் மேல்தான் உட்காருவான், “இரு” என்று சொல்வதற்குக்கூட அவசியமில்லாமல் போய்விட்டது. எழுந்ததும் ஈரப்பக்கம் உள்ளே வரும்படி சுருட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வீட்டுக்கு வந்து துவைத்துவிடுவேன். வெளியே வந்ததும் நாலு பாதத்தையும் தண்ணீர் விட்டுத் துடைப்பேன். அவ்வளவுதான் பராமரிப்பு. ஆண் நாய் என்றால் இன்னொன்று: உள்ளே போகும் முன் வெளியே ஒரு மரத்தடியில் காலைத் தூக்கவிட்டுவிடுங்கள். அத்தனை பேரின் சிறுநீர் வாசனை இருக்கும் இடத்தில் தானும் ஒரு அடையாளம் வைக்கத்தான் அதற்குத் தோன்றும்.

இந்த வழி எல்லா இடத்திலும் செல்லுபடி ஆகாது. நாய்க்கு அனுமதி இல்லை என்று எழுதியிருந்தால் இல்லைதான். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களுக்குப் பல நாடுகளில் சட்டமே இடம் கொடுக்கிறது, 1990-இன் அமெரிக்கச் சட்டமும் 2010-இன் பிரிட்டன் சட்டமும் அப்படி. வளர்ப்பு நாயை வைத்துக்கொண்டு அந்தச் சலுகையைக் கேட்பது அவர்களுக்குச் செய்யும் துரோகம். மாற்றுத்திறனாளிகளுக்கான விசாலமான அறை கண்ணைப் பறிக்கும். யாரும் காத்திருக்கவில்லை என்றாலும் நான் அதைக் கடைசியாகத்தான் பார்ப்பேன், சக்கர நாற்காலியில் வருபவருக்கு வேறு அறை இல்லை. உள்ளே கூட்டம் இருந்தால் வாசலில் நின்று “நாய் இருக்கு, உள்ளே வரலாமா?” என்று கேட்டுவிடுவேன். நாயைக் கண்டால் உடம்பே நடுங்குபவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வெளியே வரும்வரை காத்திருப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

30 கிலோவுக்கு மேற்பட்ட நாய்களை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது எவ்வளவு பொருந்தும் என்பதில் எனக்கே சந்தேகம். ஒட்டுமொத்த அறையையும் அடைத்துக்கொள்ளும் நாயை மூலையில் உட்காரவைக்க முடியாது. அங்கே வாசல் பணியாளரிடம் கொடுப்பதுதான் முதல் வழியாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஐந்தாறு கிலோ நாய்க்கு இந்தப் பாடே இல்லை, மார்போடு கட்டும் பை ஒன்று போதும், தரையில் பாதமே படாது. பையின் உள்ளே இருக்கும் கொக்கியை ஹார்னஸில் மாட்ட மறக்காதீர்கள்.

குட்டி நாய்க்கு, அது எந்த இனமாக இருந்தாலும், அந்தப் பைதான். குட்டி நாய்களின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அது சாவதில்லை. தடுப்பூசி வரிசை முடிவது ஏறக்குறைய 16 வாரத்தில். அதுவரை பொதுக் கழிப்பறைத் தரையில் அதை இறக்கிவிடவே வேண்டாம்.