பிள்ளையைத் தேடுகிற ஆள் ஏன் சீட்டாடுகிறார்? – விட்சர் 3 அனுபவம்

விட்சர் 3 என்ற வீடியோ கேம் வந்தது 2015-இல். பாளையங்கோட்டை வீட்டில் பழைய கம்ப்யூட்டரில் தொடங்கி, 2022 டிசம்பரில் இலவச அப்டேட் வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆடினேன். இன்றும் விட்டபாடில்லை. கிராபிக்ஸ், சண்டை பற்றியெல்லாம் நிறையப் பேர் சொல்லியாயிற்று. இதில் ஒருவன் ஒரு வேலையை ஏன் எடுத்துச் செய்கிறான் என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இதில் நாம் ஆடும் நாயகன் கெரால்ட், கூலிக்குப் பூதம் கொல்பவன். ஊர்ப் பலகையில் அறிவிப்பு இருக்கும். போய்க் கூலி பேசலாம், அதிகமாகக் கேட்டால் எதிராளிக்கு எரிச்சல் வரும். அதனால் சில்லறை வேலைகளுக்குக்கூடக் காரணம் தேட வேண்டியதில்லை, அவன் பிழைப்பே அதுதான். ஸ்கைரிம் என்ற இன்னொரு கேமில் உலகத்தை அழிக்க டிராகன் வந்த பிறகும் முன்பின் தெரியாதவர்கள் சொல்கிற வேலைக்கெல்லாம் ஓடுவோம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

முக்கியக் கதையில்தான் இடிக்கிறது. மகள் மாதிரி வளர்த்த சிரியை வைல்ட் ஹன்ட் என்ற பேய்க் குதிரைப்படை துரத்துகிறது. தேடிப்போக இதைவிட என்ன காரணம் வேண்டும்? ஆனால் நாம் எத்தனை நாள் ஊர் சுற்றினாலும் அந்தத் துரத்தல் காத்திருக்கும். நான் க்வென்ட் என்ற, இந்த கேமுக்குள்ளேயே வரும் சீட்டாட்டத்தில் மூழ்கியிருந்தபோது அக்கா மகன் கேட்டான்: "மாமா, பிள்ளயக் காணும்னு தேடுத ஆளு இங்க உக்காந்து சீட்டு வெளாடுதாரு?" பதில் இல்லை. பாதிப் பழி ஆட்டத்தின் மேலும்தான். முக்கிய வேலைக்கே 'இந்த லெவல் இருந்தால் நல்லது' என்று போட்டு நம்மைப் பக்க வேலைக்குத் தள்ளுகிறது.

வெலன் என்ற பகுதியில் வரும் பிளடி பாரன் என்ற பிரபுவின் கதையில் மட்டும் எல்லாம் பொருந்துகிறது. அவர் சிரியைப் பற்றித் தெரிந்தவர். சொல்ல வேண்டுமானால் காணாமல் போன தன் மனைவியையும் மகளையும் கண்டுபிடி என்கிறார். அவர்கள் ஏன் போனார்கள் என்பது மெல்ல மெல்ல வெளியே வருகிறது: குடி, அடி, கலைந்த கரு. முறையாக அடக்கம் செய்யாத அந்தச் சிசு பேயாகத் திரிகிறது. கொல்லலாம், இல்லையென்றால் தகப்பனே பெயர் வைத்து வாசற்படிக்கடியில் புதைத்தால் வீட்டைக் காக்கும் ஆவியாகிவிடும், தேடுகிறவர்களுக்கு வழியும் காட்டும். அநியாயமாகச் செத்தவர்களுக்குப் பீடம் போட்டு, கொடை கொடுத்து, வில்லுப்பாட்டில் கதை பாடுகிற ஊர் நம்முடையது. எனக்கு அந்தக் காட்சிக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

நோவிகிராடு நகரம்தான் சோர்வு. கெரால்ட்டின் நண்பனான பாடகன் டேன்டிலியனைக் கண்டுபிடிக்க ஒருவரிடம் போனால் அவர் இன்னொரு வேலை சொல்கிறார், கடைசியில் நாடகமே போட வேண்டியிருக்கிறது. சிரிப்பு வரும், சரி. ஆனால் அந்த நேரத்தில் பிள்ளை ஞாபகமே போய்விடுகிறது.

இப்போது ஆடும்போது போகிற வழியில் உள்ள கூலி வேலையை மட்டும் எடுக்கிறேன், க்வென்டைக் கதை முடிந்த பிறகு வைத்துக்கொள்கிறேன். நண்பர்கள் சம்பந்தப்பட்ட வேலைகளை மட்டும் கதையில் சிரியைத் தேடி மூடுபனித் தீவுக்குக் கிளம்பும் முன் முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் அவற்றில் பல கைவிட்டுப் போகும். உதவி வாங்கியவர்களில் சிலர் கெரால்ட்டின் கோட்டையான கேர் மோர்ஹெனில் நடக்கும் சண்டைக்கு வந்து நிற்பார்கள்.