அண்ணன் மகனின் அடிவயிற்றுக் காயமும் திருச்சியில் நடந்த நுண்துளை அறுவைச் சிகிச்சையும்

சென்ற தை மாதம் டொரான்டோவிலிருந்து கும்பகோணத்துக்கு வந்திருந்தபோது என் அண்ணன் மகனுக்கு நேர்ந்த விபத்தையும் அவனுக்குக் கிடைத்த சிகிச்சையையும், குழந்தைகளோடு ஊருக்கு வருகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

ஆறு வயதுப் பையன், பைக்கில் பெட்ரோல் டேங்கின் மேல் அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து வந்தான். குறுக்கே ஓடிய ஆட்டுக்காக அண்ணன் பிரேக் பிடிக்க, வண்டி சாய்ந்து, ஹேண்டில்பாரின் முனை அவன் அடிவயிற்றில் குத்தியது. நாணய அளவுக்குத் தோல் சிவந்திருந்ததே தவிர ரத்தக் காயம் ஏதுமில்லை. பக்கத்திலிருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் வலிக்கு ஊசி போட்டு, எலும்பு முறியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடிபட்ட பிறகு ஒன்றுக்குப் போனானா என்று அங்கே யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். எங்களுக்கும் அது தோன்றவில்லை. விடியற்காலையில் வயிறு உப்பியிருந்தது. ஒன்றுக்கு வருகிறது என்று அழுதான். உட்கார வைத்தால் சிவப்பாக இரண்டு சொட்டு மட்டுமே வந்தது.

திருச்சியில் நாங்கள் சேர்த்த மருத்துவமனையில் டூட்டி டாக்டர் முதலில் கேட்டதே, "தம்பி கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போனான்?" என்பதுதான். சிறுநீர்த் துவாரத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கதீட்டர் என்கிற, சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாயைப் போட்டார்கள். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் கூடியிருந்ததும் சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று அண்ணி உடைந்துபோனார். வயிற்றுக்குள் கசிந்த சிறுநீரை வயிற்றின் உள்சவ்வு உறிஞ்சி மறுபடி ரத்தத்தில் சேர்ப்பதால் வரும் கணக்கு அது, சிறுநீரகத்தில் குறையில்லை என்று குழந்தைகள் அறுவைச் சிகிச்சை நிபுணர் பொறுமையாக விளக்கினார். கதீட்டர் வழியாகச் சாய மருந்தைச் செலுத்திச் சிறுநீர்ப்பையை நிரப்பி எடுத்த சி.டி. ஸ்கேனில் கிழிசல் தெரிந்தது. சிறு குழந்தைகளுக்குச் சிறுநீர்ப்பை இடுப்பெலும்புக்குள் ஒடுங்காமல் மேலே வயிற்றுப் பக்கம் இருக்கிறது. அது நிறைந்திருக்கும்போது அடிபட்டால் மெலிந்த மேற்பகுதியில் கிழிந்துவிடுகிறது. வழியில் இளநீர் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அடக்கிக்கொண்டு வந்திருக்கிறான் பிள்ளை.

வயிற்றறைக்கு வெளியே கிழிந்திருந்தால் பெரும்பாலும் கதீட்டர் வைத்தே ஆறவிடலாமாம். உள்ளே திறந்துகொண்டால் தைத்தே ஆக வேண்டும். ரத்த அழுத்தம் சீராக இருந்ததாலும் வேறு உறுப்பில் காயம் தெரியாததாலும் லேப்ராஸ்கோப்பி என்கிற நுண்துளை முறையில் செய்யலாம் என்றார் நிபுணர். உள்ளே ரத்தம் பெருகியிருந்தால் வயிற்றைத் திறக்கத் தாமதிக்க மாட்டேன் என்பதையும் மறைக்காமல் சொன்னார். தொப்புளில் கேமராவுக்கு ஒரு துளை, கருவிகளுக்கு இரண்டு, அவ்வளவுதான். தேங்கிய சிறுநீரை உறிஞ்சி எடுத்து, குடலை முழு நீளத்துக்கும் பார்த்துவிட்டு, தானே கரையும் நூலால் இரண்டு அடுக்காகத் தைத்திருக்கிறார்கள். கடைசியாக உப்புநீரால் பையை நிரப்பிச் சோதித்த காட்சியை அவர் எங்களுக்குத் திரையில் காட்டினார். சுருங்கிக் கிடந்த பை மெல்ல எழும்பியது. தையலில் ஒரு துளியும் கசியவில்லை.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் அந்த மருத்துவமனை இருந்தது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சையை அரசு ஏற்கும் திட்டம் அது. கவுன்டரில் கேட்ட முதல் விவரம் விபத்து நடந்த நேரம். வீட்டில் வீணாய்ப் போன அந்த இரவும் கணக்கில் சேர்ந்தது.

வார்டில் செவிலியர் ஒருவர் குழாய் இழுபடாமல் தொடையில் பட்டையாக ஒட்டி, மணிக்கு ஒரு தடவை குனிந்து, சிறுநீர் வந்து சேரும் பிளாஸ்டிக் பையின் அளவுக் கோட்டைக் கண் மட்டத்தில் பார்த்து அளவைக் குறித்துக்கொண்டார். நான்காம் நாள் கதீட்டரோடு வீடு திரும்பினோம். பத்தாம் நாள் மறுபடி சாய மருந்து செலுத்திப் படமெடுத்து, கசிவில்லை என்று உறுதியான பிறகே குழாயை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்புமுன் அவன் தானாக ஒன்றுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டதால் கழிப்பறை வாசலில் நாங்கள் மூவரும் காத்து நின்றோம். நெடுநேரம் கழித்து, "அத்தை, வருது, வலிக்கல!" என்று உள்ளேயிருந்து கூவினான்.