இரண்டு வருடமாக என் தொட்டியில் இருக்கும் காந்த மிதவை சுவிட்ச்

மேல் தொட்டியில் முன்பு உலோகக் குச்சிகளை வைத்துத்தான் நீர்மட்டம் பார்த்தேன். தண்ணீர் வழியாக மின்சாரம் பாய்ந்து பாய்ந்து குச்சிகள் அரித்துவிட்டன. அதன்மேல் உப்பும் படிந்தது. நிறைந்த தொட்டியைக் காலி என்று காட்டத் தொடங்கியதும் காந்த மிதவை சுவிட்சுக்கு மாறினேன்.

இதன் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மிதவை ஏறி இறங்கும் தண்டுக்குள் மூடிய சின்னக் கண்ணாடிக் குழாய். அதில் நுனி தொட்டும் தொடாமலும் இரண்டு மெல்லிய நிக்கல்-இரும்புத் தகடுகள். இதுதான் ரீட் சுவிட்ச், 1936இல் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கியது. மிதவைக்குள் இருக்கும் வளையக் காந்தம் அருகில் வந்தால் தகடுகள் ஒட்டும், விலகினால் பிரியும். மின் இணைப்பு எதையும் தண்ணீர் தொடுவதே இல்லை. தண்டு சாதா இரும்பாக இருந்தால் காந்தப்புலம் உள்ளே எட்டாது. அதனால்தான் பிளாஸ்டிக்கிலோ, காந்தம் ஒட்டாத துருப்பிடிக்காத எஃகிலோ செய்கிறார்கள்.

முதலில் வாங்கியது ஒற்றை மிதவை. அதை நேராக மோட்டாருக்கே இணைத்துவிட்டேன். சுவிட்சின் தாங்குதிறன் வெறும் 10 வாட். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டமோ ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. நான்காம் நாளே தகடுகள் ஒட்டிக்கொண்டன, இரவு முழுக்கத் தண்ணீர் வழிந்தது. தவறு என்னுடையது, சுவிட்சுடையது அல்ல. தயவுசெய்து இதற்குச் செய்தி சொல்லும் வேலையை மட்டும் கொடுங்கள். மோட்டாரை இயக்க நடுவில் ரிலேயும் (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் மின்காந்த சுவிட்ச்) கான்டாக்டரும் (மோட்டாரின் பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் ரிலே) இருக்கட்டும். டிசி (நேர்மின்) ரிலே என்றால் அதன் கம்பிச்சுருளான காயிலுக்குக் குறுக்கே, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடும் வேண்டும். இல்லாவிட்டால் ரிலே அணையும்போது எழும் மின்னழுத்தம் தகடுகளைத் தீய்த்துவிடும்.

அப்புறம், ஒற்றை மிதவையில் இன்னொரு தொல்லை. தண்ணீர் விழும்போது அலையடிக்கும். மிதவை சில மில்லிமீட்டர் ஆடினாலே ரிலே டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். இப்போது இருப்பது ஒரே எஃகுத் தண்டில் இரண்டு மிதவைகள் கொண்டது. கீழ் மிதவை இறங்கினால் மோட்டார் ஓடும். கீழ் மிதவை மறுபடி ஏறினாலும், மேல் மிதவை ஏறும்வரை ரிலே தன்னைத்தானே பிடித்துக்கொண்டு மோட்டாரை ஓடவிடும். அதன்பிறகு அந்தத் தொல்லையே இல்லை.

குறை என்றால், நடுவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று இது காட்டாது. டீசல் போன்ற லேசான திரவத்துக்கு வாங்குவதானால், மிதவை அதிலும் மிதக்குமா என்று அடர்த்தியைப் பார்த்து வாங்க வேண்டும்.

பராமரிப்பு குறைவுதான், ஆனால் விடக்கூடாது. இரும்புக் குழாயிலிருந்து வரும் துருத்தூளைக் காந்தம் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும், மிதவை தண்டில் சிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மிதவை தண்டிலிருந்து கழலாமல் தடுக்கும் கிளிப்பைக் கழற்றித் துடைக்கிறேன். உப்புப் படிவுக்கு வினிகர் நனைத்த துணி போதும். திரும்ப மாட்டும்போது மிதவை தலைகீழாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில வகைகளில் திருப்பி மாட்டினால் ஏறும்போது மூட வேண்டிய சுவிட்ச் திறந்துகொள்ளும். மாட்டி முடித்ததும் மேல் மிதவையை விரலால் தூக்கி, ரிலே விடும் சத்தம் கேட்ட பிறகே தொட்டியை மூடுகிறேன்.