வி.ஆர். ஹெட்செட்டில் பித்தப்பை ஆபரேஷன்: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

சேலத்தில் சர்ஜரி பிஜி மாணவர்கள் பித்தப்பையை லேப்ராஸ்கோபியில் (சிறு துளைகள் வழியே) எடுக்கப் பழக வி.ஆர். (மெய்நிகர் காட்சி) செட் வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தலையில் ஹெட்செட், கையில் கண்ட்ரோலர் என்ற ரகம் ஆபரேஷனின் வரிசையைக் கற்றுத் தரும், கையைப் பழக்காது.

வரிசை விஷயத்தில் நன்றாகவே இருக்கிறது. தொப்புளில் 10 மி.மீ. போர்ட் (கருவி நுழையும் குழல்), வயிற்றுக்குள் வாயு அழுத்தம் 12 முதல் 15 மி.மீ. பாதரசம், பித்தப்பையின் நுனியை வலது தோள் பக்கமாகத் தூக்குவது, அதன் கழுத்தை வெளிப்பக்கம் இழுப்பது என எல்லாம் மனதில் பதியும். கழுத்தையும் மேல்நோக்கியே இழுத்தால் பித்தப்பையின் சிறிய பித்தக்குழாயும், பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளமும் ஒரே கோட்டில் வந்துவிடும். வெட்டுமுன் குழாயை அடைக்கும் கிளிப் தப்பான குழாயில் விழுவது பெரும்பாலும் இங்கேதான். கொழுப்பை முழுக்க விலக்கி, பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கைக் கல்லீரலிலிருந்து பிரித்து, பித்தப்பைக்குள் போவது இரண்டே குழாய்கள் (சிறிய பித்தக்குழாய், ரத்தக்குழாய்) என்று பார்க்கும்வரை கிளிப் போட விடாத மென்பொருளையே வாங்குங்கள். நேரத்துக்கு மட்டும் மார்க் போடுவது வேண்டவே வேண்டாம்.

குறை, இழுவை. கண்ட்ரோலர் அதிரும், எதிர்த்து இழுக்காது. அதில் மட்டும் பழகியவர் ஆபரேஷன் தியேட்டரில் பித்தப்பையைக் கிழித்துப் பித்தத்தைச் சிந்த விடுவார். கருவி வயிற்றுத் துளையில் ஊன்றித் திரும்புவதால், கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் கருவி முனை வலப்பக்கம் போகும் பழக்கமும் இதில் சரியாக வராது. 2002-இல் வெளியான யேல் ஆய்வில், சிமுலேட்டரில் பழகியவர்கள் பித்தப்பையை 29 சதவீதம் வேகமாகப் பிரித்தார்கள். ஆனால் அது திரையும் கருவிப் பிடியும் கொண்ட எம்.ஐ.எஸ்.டி.-வி.ஆர். என்ற பழைய சிமுலேட்டர்; ஹெட்செட் இல்லை. விற்க வருபவர் இதைச் சொல்வாரா என்ன!

ஆகவே பாக்ஸ் ட்ரெய்னர் (நிஜக் கருவிகளை நுழைத்துப் பழகும் பெட்டி) முதலில். ஆறு வளையங்களையும் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி, மறுபக்கக் குச்சிகளில் போட்டு, திரும்பக் கொண்டுவரும் பயிற்சிக்கு உச்சவரம்பு 300 விநாடி. அது கைவந்த பிறகு ஹெட்செட்.

பராமரிப்பும் சின்ன வேலையல்ல. மே மாத வெயிலில் வியர்வை ஊறும். துடைக்க வசதியான சிலிக்கான் முகப்பட்டையும் ஏசி அறையும் தேவை. ஏற்காட்டு முகாமுக்கு எடுத்துப் போனால் குளிரில் லென்ஸ் பனிக்கும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு மாட்டுங்கள். ஸ்டீல் டிராலி, கண்ணாடி அலமாரி பக்கத்தில் கை டிராக்கிங் தடுமாறும். லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடைக்கவும், ஸ்பிரிட் படக்கூடாது. ஜன்னலோரம் வைத்தால் லென்ஸ் வழியே வெயில் இறங்கி டிஸ்ப்ளே கருகிவிடும்.