கார்புரேட்டரைக் கடைசியில் திறவுங்கள்: 1970 எம்ஜிபி ஜிடியுடன் பத்து ஆண்டுகள்

2014-இல் வாங்கினேன். 1970-இல் செய்த எம்ஜிபி ஜிடி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குத் தரும் எஸ்.யு. கார்புரேட்டர் (எச்.எஸ்.4 ரகம்) இரண்டு, நான்கு கியர், நெடுஞ்சாலையில் என்ஜின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவ். ஆக்ஸ்ஃபோர்டில் நான் இருக்கும் வீட்டிலிருந்து, இந்தக் காரைப் பெற்றெடுத்த அபிங்டன் தொழிற்சாலை இருந்த இடம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். அதனால் இது அபூர்வப் பொருள் ஒன்றுமில்லை. நான் வாங்கியதற்குக் காரணம் வேறு. அப்பா ஓட்டிய அம்பாசடரின் 1489 சிசி என்ஜினும் இதன் 1798 சிசி என்ஜினும் ஒரே பி-சீரிஸ் வம்சம். விற்றவர் பானெட்டைத் தூக்கியபோது ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்தது போல இருந்தது. அதற்கப்புறம் பேரம் பேசவே வரவில்லை.

இதுவரை 41,000 மைல் ஓட்டியிருக்கிறேன். பிரேக் சுமார், கிளட்ச் ஒரு முறை மாற்றியாயிற்று, ஸ்டியரிங் இன்னும் இனிக்கிறது. துருவைப் பற்றித் தனியாக ஒரு புலம்பல் எழுதலாம், எழுதப் போவதில்லை. இந்தப் பத்தாண்டில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்ததும் அதிகம் அவமானப்படுத்தியதும் 2022-இல் வந்த பெட்ரோல் கோளாறுதான்.

எம்40 சாலையில் லண்டன் பக்கம் போகும்போது, வாட்லிங்டன் பிரிவைத் தாண்டியதும் சில்டர்ன் குன்றுகளைப் பிளந்துகொண்டு ஓர் ஏற்றம் வரும். சுண்ணாம்புப் பாறை இரு பக்கமும் வெள்ளையாக நிற்கும். அந்த ஏற்றத்தின் பாதியில் வண்டி சோர்ந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த வேகம் குறைந்தது. இரண்டு முறை இருமியது. ஓரமாக ஒதுக்குவதற்குள் என்ஜின் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது. அடுத்த வாரமும் அதே இடம், அதே இருமல். ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை.

அன்றே எனக்கு இரண்டு சாட்சிகள் கிடைத்திருந்தன. என்ஜின் சுழற்சியைக் காட்டும் டாக்கோமீட்டரின் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழவில்லை, என்ஜினோடு சேர்ந்து மெல்ல இறங்கியது. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் செத்து விழுந்தால் மின்சாரப் பக்கம் போக வேண்டும். இது அப்படி இல்லை. அடுத்தது, கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்தபோது சில நொடிகள் உயிர் வந்தது. அப்படியென்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. இவ்வளவு தெரிந்தும் வண்டியை ஒரு பட்டறையில் விட்டேன். காயில், கண்டென்சர், பிளக் என்று மின்பொறிப் பாகங்களை எல்லாம் மாற்றி 340 பவுண்டு வாங்கிக்கொண்டார்கள். கார்புரேட்டர் கோளாறில் பாதி, பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில்தான் இருக்கும் என்ற பழைய பேச்சை அந்த மெக்கானிக் வேதவாக்காகச் சொன்னார். ஏற்றத்தில் வண்டி மறுபடி நின்றது.

பிறகு நானே கார்புரேட்டரில் கை வைத்தேன். எஸ்.யு.வைத் திறப்பது ஒரு சுகம். என் தவறுக்குப் பாதிக் காரணம் அந்தச் சுகம்தான். மேல் மூடியைக் கழற்றி, பிஸ்டனைத் துடைத்து, விரலால் தூக்கி விட்டால் அடியில் போய் ‘டக்’ என்று உட்கார வேண்டும். உட்கார்ந்தது. பிஸ்டன் துள்ளாமல் தடுக்கும் டேம்பரில் இருபதாம் நம்பர் எண்ணெய் ஊற்றினேன். ஃப்ளோட் சேம்பர், அதாவது பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின் மூடியைக் கவிழ்த்து, மிதவைக்கும் மூடிக்கும் இடையே டிரில் பிட் செருகி அளந்தேன். மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், இருந்தது. கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் ஊசி வால்வுகளைப் புதிதாகப் போட்டேன். பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்க்கும் சோதனையில் என்ஜின் வேகம் லேசாக ஏறி உடனே நிலைக்குத் திரும்பியது. அதாவது கலவை சரி. இரண்டு சனிக்கிழமைகள் போயின. ஐட்லிங் தையல் மெஷின் போல ஓடியது. சில்டர்ன் ஏற்றத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை.

அடுத்து, டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோலை அனுப்பும் பம்ப். வலது பின் சக்கரத்துக்கு அருகே, காருக்கு அடியில் இருக்கிறது. மின்சாரத்தை விட்டு நிறுத்தும் தொடுமுனையான பாயின்ட் வைத்த பழைய பம்ப். கழற்றும்போது கை பொறுக்காத அளவுக்குச் சுட்டது. வெயில், ஓட்டம், வயது என்று மனத்துக்குள் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டு, பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் பம்பைப் பொருத்தினேன். அந்தச் சூடுதான் மூன்றாவது சாட்சி. இந்த பம்ப் வேலை செய்யும் விதம் இது: மின்காந்தம் டயாஃப்ரம் என்ற சவ்வை இழுத்துப் பெட்ரோலை உறிஞ்சும், ஸ்பிரிங் அதைத் தள்ளி வெளியேற்றும். கார்புரேட்டர் நிறைந்து வெளிவழி அடைத்துக்கொண்டால் பாயின்ட் திறந்த நிலையில் பம்ப் ஓய்வெடுக்கும், மின்சாரம் ஓடாது, சூடாகாது. உள்வழி அடைத்தால் இழுக்க முடியாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். பாயின்ட் மூடியே இருக்கும், சுருள் காயும். சூடான பம்ப் என்றால் டேங்க் பக்கம் பார் என்று பொருள். எனக்கு இது பின்னால்தான் உறைத்தது.

புது பம்பும் அதே இடத்தில் கைவிட்டது. அதன் பிறகுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். என்ஜின் ஆறியிருக்க வேண்டும், கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் பொறி எதுவும் கூடாது. இக்னிஷன் காயிலுக்குப் போகும் வெள்ளை ஒயரைப் பிடுங்கிவிட்டேன். இல்லாவிட்டால் சாவியைப் போட்டு வைத்திருக்கும் நேரமெல்லாம் காயில் வேகும். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஐந்து லிட்டர் பெட்ரோல் கேனில் விட்டேன். நிமிடத்துக்கு ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல் வந்தால் போதும். எனக்கு அரை நிமிடத்திலேயே அவ்வளவு வந்தது. டிக்டிக் என்று துடிப்போடு, குமிழி இல்லாமல் வந்தது. பம்ப் நன்றாக இருக்கிறது, வழி திறந்திருக்கிறது என்று எழுதி வைத்தேன். டேங்க் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்குமோ என்று மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்த்தேன். ‘புஸ்’ என்ற சத்தமும் இல்லை, மாற்றமும் இல்லை. பம்பின் உள்வழிக் குழாயைக் கழற்றி டேங்கை நோக்கிக் காற்றை ஊதினேன். டேங்குக்குள் குளுகுளுவென்று குமிழி வந்தது. அந்தப் பக்கமும் அடைப்பு இல்லை என்று அடித்துச் சொல்லியிருப்பேன்.

உண்மையை வெளியே கொண்டுவந்தது என் சாமர்த்தியம் அல்ல. மறுபடி அளந்துகொண்டிருந்தபோது மகள் வாசலில் நின்று ஏதோ கேட்டாள். பேசிக்கொண்டே சாவியை அணைக்க மறந்துவிட்டேன். திரும்பினால் பம்பின் சத்தம் மாறியிருந்தது. டிக் டிக் டிக் என்று ஓடியது இப்போது டிக்… டிக்… என்று இழுத்தது. கேனில் விழுந்த தாரை நூலாக இளைத்திருந்தது. சாவியை அணைத்து ஐந்து நிமிடம் விட்டுப் போட்டால் மறுபடி கொழுத்த தாரை. சில்டர்ன் ஏற்றமே என் காராஜுக்குள் வந்துவிட்டது.

டேங்குக்கும் பம்புக்கும் நடுவே இருந்த இரும்புக் குழாயை முந்தைய உரிமையாளர்களில் ஒருவர் வெட்டி, எட்டு சென்டிமீட்டர் ரப்பர் ஹோஸ் பொருத்தியிருந்தார். மேலே அடிப்பூச்சுத் தார் பூசியிருந்ததால் எட்டு ஆண்டுகளாக அது என் கண்ணில் படவே இல்லை. வெளியே வெடிப்பில்லை, கசிவில்லை. நீளவாக்கில் வெட்டியபோது உள்தோல் ஒரு பக்கம் உரிந்து நாக்கு மாதிரி தொங்கியது. பம்ப் உறிஞ்சினால் நாக்கு மெல்ல மெல்ல எழுந்து வழியை மூடும். உறிஞ்சல் நின்றால் தளர்ந்து படுத்துக்கொள்ளும். நான் எதிர்ப்பக்கமாக ஊதியபோது பணிவாக விலகி வழி விட்டிருக்கிறது. அரை நிமிடச் சோதனையில் அது எழுந்து முடிக்க நேரமே கிடைக்கவில்லை.

பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய ரப்பருக்கு ஆகாது. இந்த நாக்குக்கு எத்தனாலைத்தான் குற்றம் சொல்ல வேண்டுமா, கிழட்டு ரப்பரையா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் அன்றிலிருந்து விலை கூடினாலும் எத்தனால் குறைந்த இ5 சூப்பர்தான் போடுகிறேன். இரும்புக் குழாயை மீண்டும் போட்டேன். ரப்பர் தவிர்க்க முடியாத இடங்களில் எத்தனாலைத் தாங்கும் ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் மட்டும். அதையும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவதாக உத்தேசம்.

புது பம்பைக் கழற்றவில்லை. நன்றாகத்தான் ஓடுகிறது, அதுவும் டிக்கென்றுதான் சொல்கிறது. பழையதன் பாயின்ட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து டிக்கியில் வைத்திருக்கிறேன். சாவியைப் போட்டதும் ரேடியோவை அணைத்துக் காது கொடுப்பது வழக்கமாகிவிட்டது. வேகமாகத் துடித்து, இரண்டு கிண்ணமும் நிறைந்ததும் அடங்கினால் சரி. அடங்காமல் படபடத்தால் உறிஞ்சும் பக்கம் காற்று புகுகிறது அல்லது எங்கோ வழிகிறது. சத்தமே இல்லாவிட்டால் முதலில் வோல்ட்மீட்டர், டிக்கிக்குள் இருக்கும் புல்லட் ஒயர் இணைப்பு, எர்த் ஒயர். வோல்ட்டை பம்ப் ஓடும்போது அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது துருப்பிடித்த இணைப்பும் பன்னிரண்டு காட்டும்.

சில்டர்ன் ஏற்றத்தை இப்போது எழுபது மைல் வேகத்தில் ஓவர்டிரைவிலேயே ஏறுகிறது. கேலனுக்கு 27 மைல் தருகிறது. ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு இது கௌரவமான கணக்கு.

போன வாரம் காராஜில் பெட்ரோல் வாடை. பின் கார்புரேட்டரின் ஓவர்ஃப்ளோ குழாய் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது; சாவியைப் போட்டால் பம்ப் அடங்கவே இல்லை. டேங்கிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பாக முன்னோக்கி வந்தேன், மூன்று நிமிடம் கேனில் அளந்தேன், பம்பைத் தொட்டுப் பார்த்தேன். ஊசி வால்வுக்கு அடியில் கடுகளவு தூசி. இந்த முறை கார்புரேட்டரேதான்.