கோட்டை மைதானத்து விடியற்கால ஓட்டப் பயிற்சி: இரண்டு ஆண்டாக மகளை அனுப்பும் ஒரு தாயின் மதிப்பீடு

வேலூரில் அரசுப் பள்ளிகளிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காமல் நெடுந்தூர ஓட்டம் சொல்லித்தரும் குழுவைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். கொசப்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து மட்டும் நான்கு தாய்மார்கள் கேட்டுவிட்டார்கள். இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். என் மகள் இப்போது பதினோராம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த கையோடு இதில் சேர்ந்தாள்.

முதலில் நான் வேண்டாம் என்றேன். என்னுடையது தள்ளுவண்டிக் கடை. வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறவர்கள் தங்கும் லாட்ஜுகள் உள்ள தெருவில், காலை ஆறரைக்கு வண்டி நிற்க வேண்டும். ஓ.பி. வரிசைக்குப் போகிறவர்கள் எனக்காகக் காத்திருக்க மாட்டார்கள். அவள் அப்பா நேதாஜி மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் வேலைக்கு மூன்று மணிக்கே போய்விடுவார். தேங்காய் துருவுவது, சட்னி அரைப்பது, தண்ணீர் பிடிப்பது, வண்டியை மேட்டில் ஏற்றும்போது பின்னால் தள்ளுவது எல்லாம் மகள் கையில் இருந்த வேலைகள். ஐந்து மணிக்கு அவள் மைதானத்துக்குப் போனால் அந்தக் கைக்கு நான் எங்கே போவது? "இலவசம்" என்று அவர்கள் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் வீட்டில் விடியற்காலை இரண்டு மணி நேரம் இலவசமாகக் கிடைப்பதில்லை.

பயிற்சி தருகிற சார் வீட்டுக்கே வந்தார். கம்மவான்பேட்டைக்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் என்பதால் அதை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். உங்கள் பெண்ணிடம் திறமை இருக்கிறது, நாட்டுக்காக ஓடுவாள் என்றெல்லாம் அவர் பேசவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, "காலையில் பாப்பா என்னென்ன வேலை செய்கிறாள், எத்தனை மணிக்குச் செய்கிறாள், சொல்லுங்கம்மா" என்று கேட்டார். ஒரு சின்ன நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டார். தண்ணீரை இரவே பிடித்து வைக்கலாம், வண்டி தள்ள வாரத்தில் நான்கு நாள் பயிற்சியில் உள்ள பெரிய பையன் ஒருவன் வருவான் என்றார். சட்னிக்கு மட்டும் அவரிடம் வழி இல்லை. தேங்காய்ச் சட்னியை முந்தின இரவே அரைத்து வைத்தால் விடிவதற்குள் புளித்துவிடும். அந்த வழியைச் சொன்னவர் என் மாமியார். அந்த நான்கு நாளும் வேர்க்கடலையை வறுத்துப் பொடித்து வைத்துவிட்டு, காலையில் கரைத்துத் தாளித்துவிடுகிறோம். வங்காளத்துக்காரர்கள் இப்போது அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஓட்டம் சொல்லித்தர வருகிறவர் முதலில் அந்த வீட்டுச் சமையலறையின் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் குழு கேட்டது. எனக்குத் தெரிந்து வேறு இரண்டு பயிற்சிகள் கேட்காததால் ஆறு மாதத்தில் ஆள் இல்லாமல் நின்றுபோயின.

வேலூர் என்றால் விளையாட்டில் பளு தூக்குதல்தான். சத்துவாச்சாரியில் பிறந்த சதீஷ்குமார் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினார். நெடுந்தூரம் ஓடுகிறவர்களை நான் நேதாஜி விளையாட்டு அரங்கத்தில்தான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காவலர் தேர்வுக்காக 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்கப் பாடுபடும் இளைஞர்கள். தேர்வு முடிந்ததும் அவர்கள் ஓட்டத்தை விட்டுவிடுவார்கள். இங்கே நடப்பது வேறு மாதிரி. சேருவதற்குத் தேர்வு இல்லை. யார் வந்தாலும் எடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அவ்வளவுதான். மகள் வீட்டுக்கு வந்து, "இதற்கா அம்மா இருட்டோடு எழுந்தேன்?" என்று சலித்துக்கொண்டாள். பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிகிற வேகத்தில்தான் ஓட வேண்டும், பேச்சு திணறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒரு வாரத்தில் ஓடும் தூரத்தை அடுத்த வாரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டுவதில்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கோட்டை மைதானத்திலும் அகழியை ஒட்டிய சாலையிலும் குறைந்த தூரம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் காட்பாடிப் பக்கம் போய்த் திரும்புவார்கள். அக்னி நட்சத்திர நாட்களில் நாலே முக்காலுக்குத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள். மே மாதம் வேலூரில் ஏழரை மணிக்கே கல் சுடும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

இந்த முறையை அவர்கள் தாங்களே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்வதில்லை. பெற்றோர் கூட்டத்தில் சார் ஒரு கதை சொன்னார். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், பாயில் ஹைட்ஸ் என்ற ஏழைக் குடியிருப்புப் பகுதியில், ஹாரி ஷபாசியன் என்ற பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களை மாரத்தானுக்குத் தயார் செய்தார். பாதிப் படிப்பில் நின்றுவிடும் நிலையில் இருந்த பிள்ளைகள் அவர்கள். பிறகு வேறு ஆசிரியர்களும் சேர, அது ஸ்டூடண்ட்ஸ் ரன் எல்.ஏ. என்ற பெரிய திட்டமாக வளர்ந்தது. காலணியும் போட்டிக் கட்டணமும் திட்டமே கொடுக்கிறது. முக்கியமாக, ஆசிரியர்களும் மாணவர்களோடு சேர்ந்து முழுத் தூரமும் ஓடுகிறார்கள். அங்கே இலக்கு 42.195 கிலோமீட்டர். இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு 10 கிலோமீட்டர்தான். மும்பை மாரத்தானில்கூட முழுத் தூரம் ஓட 18 வயது ஆகியிருக்க வேண்டும். வளரும் எலும்பை அவசரப்படுத்தக் கூடாது என்பது சாரின் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

ஆனால் குறையே இல்லாத இடம் என்று சொல்ல மாட்டேன். சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை, அகழி ஓரம் மகள் மயங்கி விழுந்தாள். நான் அப்போது கடையில் இருந்தேன். வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டிருக்கிறார்கள். மாவுக் கையோடு நிற்கிறவள் போனை எப்படிப் பார்ப்பேன்? பக்கத்துக் கடைத் தம்பி ஓடிவந்து சொன்னபோது அரை மணி நேரம் கடந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.6. இந்த வயதுப் பெண்ணுக்கு 12ஆவது இருக்க வேண்டுமாம். அதோடு அன்று வெறும் வயிற்றில் ஓடியிருக்கிறாள். பள்ளியில் வாரா வாரம் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிப் பையிலேயே வைத்துக்கொண்டு, பிறகு தூக்கி எறிந்திருக்கிறாள். விழுங்கினால் வயிறு புரட்டுகிறதாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் முகம் வெளுத்திருந்ததை, வெயிலில் போகாமல் நிறம் கூடியிருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இது ஊர் அறிந்த விஷயம். அப்படியானால் பெண் பிள்ளைகளை ஓடவைப்பதற்கு முன்பே ரத்தம் பார்த்திருக்க வேண்டும். இதைப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டேன். குரல் நடுங்கத்தான் கேட்டேன். சார் காரணம் எதுவும் சொல்லவில்லை. "தப்பு எங்களுடையதுதான் அம்மா" என்றார். அடுத்த இரண்டு வாரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அளவு குறைந்தவர்கள் தேறும்வரை நடை மட்டும். அவசரச் செய்தி என்றால் இனி வாட்ஸ்அப் இல்லை, போனில் அழைத்துச் சொல்ல வேண்டும், போன் இல்லாத வீட்டுக்கு ஆள் போக வேண்டும் என்றும் மாற்றினார்கள்.

சாப்பாடும் அப்போதுதான் சீரானது. ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழமும் கடலை உருண்டையும். ஓடி முடித்ததும் கேழ்வரகுக் கூழ், அவித்த முட்டை, சில நாள் பாசிப்பயறுச் சுண்டல். மாத்திரையை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்க வேண்டும், உடனே டீ குடிக்கக் கூடாது, குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது என்று ஒரு செவிலியர் வந்து சொல்லிக்கொடுத்தார். மகளின் அளவு 8.6இலிருந்து 11.4க்கு வர ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதத்தில் பாதிக்கு மேல் அவள் நடந்தாள். ஒருவரும் அவளைப் போகச் சொல்லவில்லை. நடக்கிறவர்கள் பெயரையும் ஓடுகிறவர்கள் பெயரையும் ஒரே வருகைப் பதிவேட்டில்தான் எழுதுகிறார்கள்.

அவர்கள் தருவது போக வீட்டிலும் செலவு கூடும், அதைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். ஓடும் பிள்ளைக்குப் பசி இரண்டு மடங்கு. முட்டை, கடலை, பருப்பு என்று எனக்கு மாதம் ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாமல் கூடுதலாகிறது.

காலணி ஆண்டுக்கு ஒரு ஜோடி கொடுக்கிறார்கள். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் கடல் தாண்டி ஷூ அனுப்புகின்றன. என் அக்காவே பதினைந்து வருடமாக ஒரு கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் தைக்கிறாள். அவள் மகனும் என் மகளும் ஓடுவதற்கென்று ஒரு ஷூவைக் காலில் போட்டது இந்தப் பயிற்சிக்கு வந்த பிறகுதான். முதல் நாள் இரவு மகள் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். ஆனால் வாரம் 25 கிலோமீட்டர் ஓடுகிற பிள்ளைக்கு அது எட்டாவது மாதமே தேய்ந்துவிடுகிறது. தேய்ந்த ஷூவில் ஓடி அவளுக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு ஓரத்தில் வலி வந்தது. ஆண்டுக்கு இரண்டு ஜோடி வேண்டும். கொடையாளர்கள் யாராவது இதைப் படித்தால், பரிசுக் கோப்பைக்குக் கொடுக்கும் பணத்தை ஷூவுக்குக் கொடுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இருட்டில் தனியாக வரவிடுவதில்லை. தெருவுக்கு ஒரு குழு, ஒருவர் வீட்டிலிருந்து அடுத்தவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து வருவார்கள். நாய்த் தொல்லைக்குச் சார் ஒரு கம்போடு முன்னால் நடப்பார். பெண் பயிற்சியாளர் ஒருவர் எல்லா நாளும் இருக்கிறார். மாதவிலக்கு நாட்களில் ஓடுவதா வேண்டாமா என்பதை அவரிடம் கூச்சமில்லாமல் பேச முடிகிறது என்று மகள் சொல்கிறாள். கழிப்பறை மட்டும் இன்னும் சரியாகவில்லை. அந்த நேரத்தில் திறந்திருக்கும் கழிப்பறைக்குப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். சில பிள்ளைகள் அதனாலேயே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இது தீரும்வரை ஐந்தில் நான்கு நட்சத்திரத்துக்கு மேல் நான் கொடுக்க மாட்டேன்.

என் மகள் வேகமான ஓட்டக்காரி இல்லை. குறுவட்டப் போட்டியில் 3000 மீட்டரில் ஆறாவதாக வந்தாள். கோப்பை வேண்டும் என்பவர்கள் விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்பலாம், அது வேறு பாதை. போன ஜனவரியில் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்காகச் சென்னைக்குக் கூட்டிப்போனார்கள். பெற்றோரில் சிலரும் போனோம். முந்தின நாள் மாலை காட்பாடியில் ரயில் ஏறினோம். கடையை ஒரு நாள் மூடியது அந்த வருடத்தில் அன்றுதான். மகள் 1 மணி 9 நிமிடத்தில் வந்து சேர்ந்தாள். வந்தவள் என்னைத் தேடவில்லை. தண்ணீரை வாங்கிக்கொண்டு மறுபடி ஓடிய பாதைக்கே போய் நின்றாள். எங்கள் பிள்ளைகளில் கடைசியாக ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. சார் அவன் பக்கத்திலேயே, அவன் வேகத்திலேயே ஓடிவந்தார். முன்னால் முடித்த அத்தனை பிள்ளைகளும் கயிற்றுக்கு வெளியே அவன் பெயரைக் கத்திக்கொண்டு கூடவே ஓடினார்கள். என் மகள் கத்திய கத்தலில் இரண்டு நாள் அவளுக்குக் குரல் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஜனவரிக்குப் பிறகு பொதுத்தேர்வு என்று நின்றுவிடுகிறார்கள். நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் பெற்றோர்கள்தான். ஆனால் தேர்வு முடிந்த பிறகு அவர்களை யாரும் திரும்பக் கூப்பிடுவதில்லை, இது குழுவின் குறை. அடுத்த ஆண்டு என் மகளுக்கும் அந்த நிலைமை வரும். வாரம் இரண்டு நாளாவது விடுவது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் புதிதாகச் சேர்க்கிறார்கள். சேர்க்கும்போது ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், உங்கள் தெருக் குழுவில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். என் தம்பி மகன் பெயரையும் கொடுத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு, உடம்பு கனத்த பிள்ளை. இவன் எங்கே ஓடப்போகிறான் என்று அவன் அம்மாவுக்குக் கவலை. சார் அவனை நிற்கவைத்து உயரம் பார்க்கவில்லை, ஓடிக்காட்டச் சொல்லவில்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "காலையில் என்ன சாப்பிடுகிறாய் தம்பி?" என்று கேட்டார்.