கிரேக்கப் பாட்டுக்கு எந்த வாசல்: நானா மூஸ்கூரியா, யோர்கோஸ் டலாராஸா?

கிரேக்கப் பாடல்களை முறையாகக் கேட்க ஆசைப்படுகிறவர் முன்னால் இரண்டு பெயர்கள் தவறாமல் வந்து நிற்கும். ஒன்று, கறுப்புச் சட்டக் கண்ணாடியும் நடுவகிடெடுத்த நீளக் கூந்தலுமாக உலகமே அடையாளம் காணும் நானா மூஸ்கூரி. இன்னொன்று, கிரேக்கர்கள் வாழாத ஊர்களில் அதிகம் பேசப்படாத, ஆனால் சொந்த மண்ணில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அரங்குகளை நிரப்பிவரும் யோர்கோஸ் டலாராஸ். இருவரையும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டுக்கொண்டிருந்த நான், ஒருவரையாவது முதலிலிருந்து வரிசையாகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தபோது டலாராஸை எடுத்தேன். ஏன் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில், விவாதமே தேவைப்படாத விஷயங்கள். குரலின் இனிமையில் நானாவை யாரும் நெருங்க முடியாது. உலகப் புகழிலும் அவர்தான் முன்னே. பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் பாடியவர் என்பதால், கிரேக்கம் ஒரு சொல்கூடத் தெரியாதவரும் ஏதாவது ஒரு மொழியில் அவரைப் பிடித்துக்கொள்ளலாம். டலாராஸிடம் அந்த வசதி இல்லை. அவர் பாடியதில் மிகப் பெரும்பகுதி கிரேக்கம் மட்டுமே.

நானா 1934-இல் கிரீட் தீவின் கானியா நகரில் பிறந்தவர். தந்தை திரையரங்கில் படம் ஓட்டுபவர், தாய் அதே தொழிலில் பார்வையாளர்களை இருக்கைக்கு அழைத்துச் செல்பவர். சிறுவயதிலேயே குடும்பம் ஏதென்ஸுக்கு வந்துவிட்டது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் பசியையும் பயத்தையும் அங்கேதான் பார்த்தார். பிறகு இசைக் கல்லூரியில் செவ்வியல் பாட்டுப் படிப்பு. இரவில் ஜாஸ் பாடுகிறார் என்று தெரிந்ததும் கல்லூரி அவரைத் தேர்வு எழுத விடவில்லை. அந்தக் கதவு அடைபட்ட காலத்தில்தான் இசையமைப்பாளர் மானோஸ் ஹட்சிடாகிஸ் அவரைக் கண்டெடுத்தார். 1959-இல் நடந்த முதல் கிரேக்கப் பாடல் விழாவில் ஹட்சிடாகிஸின் பாட்டைப் பாடி முதல் பரிசு வாங்கினார். மறு ஆண்டும் பரிசு அவருக்கே. 1961-இல் ஏதென்ஸின் வெள்ளை ரோஜாக்களைப் பற்றிய ஜெர்மன் பாட்டு பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸுடன் ஒலிப்பதிவு, 1963-இல் லக்சம்பர்க் சார்பில் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாடல் போட்டி, பிறகு பாரிஸில் குடியேற்றம், பாடகர் ஹாரி பெலஃபான்டேவுடன் அமெரிக்கச் சுற்றுப்பயணம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாடச் சொன்னவர்களுக்கு இணங்காமல் அப்படியே மேடையேறிய பெண் அவர். அந்த உறுதியின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

டலாராஸின் கதையில் இவ்வளவு விமான நிலையங்கள் இல்லை. 1949-இல் பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய கொக்கினியாவில் பிறந்தார். ஆசியா மைனரிலிருந்து (இன்றைய துருக்கி) துரத்தப்பட்டு வந்த அகதிகள் குடியேறிய பகுதி அது. தந்தை லூகாஸ் டராலாஸ், நகரத்து எளிய மக்களின் தெருப் பாட்டான ரெபெட்டிகோவைப் பாடியவர். மகன், அந்தக் குடும்பப் பெயரின் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி மேடைப் பெயராக்கிக்கொண்டார். கிட்டார், பூசூக்கி, பக்லமாஸ், ஊத் என்று நரம்பு வாத்தியங்கள் எல்லாம் கையில் பழகியவை. 1969-இல் முதல் தனித் தொகுப்பு வந்தது. 1983-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் மைதானத்தில் இரண்டு இரவுகள் பாடியபோது ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள்.

சரி, இருவருமே பெரியவர்கள். என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்வி: இந்தப் பாடகரைக் கேட்டு முடித்த பிறகு, அவர் என்னை எங்கே கொண்டுபோய் விடுவார்?

இதற்குப் பதில் தேடினால் 1960-க்குப் போகவேண்டும். யானிஸ் ரிட்சோஸ் என்ற கவிஞர் 1936-இல் ஒரு நெடுங்கவிதை எழுதினார். தெசலோனிகியில் புகையிலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது சுட்டுக்கொல்லப்பட்ட மகனின் உடல்மேல் விழுந்து ஒரு தாய் அழும் ஒப்பாரி அது. அதே ஆண்டு ஆட்சியைப் பிடித்த சர்வாதிகாரி மெட்டாக்ஸாஸின் காலத்தில் அந்த நூலின் பிரதிகளை ஏதென்ஸில் தீயிட்டுக் கொளுத்தினார்கள். அந்தக் கவிதைக்கு மிகிஸ் தியோடோராகிஸ் இசையமைத்தார். 1960-இல் அது ஒரே நேரத்தில் இரண்டு விதமாக இசைத்தட்டில் வந்தது. ஒன்று ஹட்சிடாகிஸ் இசைக்கோர்ப்பில் நானா பாடியது. மற்றது கிரிகோரிஸ் பிதிகோட்சிஸ் பாட, மனோலிஸ் கியோட்டிஸ் பூசூக்கி வாசித்தது. ஏதென்ஸ் நகரமே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. மதுக்கடை வாத்தியமான பூசூக்கியைக் கொண்டு கவிதையை வாசிப்பதா என்று ஒரு பக்கம். ஒரு தொழிலாளியின் சாவுக்கு மெல்லிய சங்கீதம் எதற்கு என்று இன்னொரு பக்கம்.

நான் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டிருக்கிறேன். நானாவின் குரலில் துக்கம் அழகாக இருக்கிறது, தூய்மையாக இருக்கிறது, கொஞ்சம் தள்ளி நிற்கிறது. பிதிகோட்சிஸ் ஒவ்வொரு சொல்லையும் கல்லை எடுத்து வைப்பதுபோல வைக்கிறார். அழவேயில்லை. ஆனால் அந்த அழாமைதான் தாங்க முடியாததாக இருக்கிறது. காலப்போக்கில் கிரேக்க மக்கள் தங்களுடையதாக எடுத்துக்கொண்டது அந்த இரண்டாவது வடிவத்தைத்தான். இவ்வளவுக்கும், இகழப்பட்ட ரெபெட்டிகோ பாட்டுக்காக 1949-லேயே பொதுமேடையில் உரை நிகழ்த்தி வாதாடியவர் ஹட்சிடாகிஸ். தெருப் பாட்டின் மதிப்பு அவருக்குத் தெரியாததல்ல. அதை வடிகட்டி எடுத்துத் தரவே அவர் விரும்பினார். நானா அந்த வடிகட்டலின் மிகச் சிறந்த குரல்.

டலாராஸ் வருவது பிதிகோட்சிஸ் திறந்த பாதையில். 1967-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து தியோடோராகிஸின் இசையைத் தடை செய்தது. லெரோஸ் தீவில் காவலில் வைக்கப்பட்டிருந்த ரிட்சோஸ் 1968-இல் சிறுசிறு பாடல்களை எழுதினார், தியோடோராகிஸ் மெட்டமைத்தார். ராணுவ ஆட்சி சரிந்த 1974-இல் அந்தப் பதினெட்டுப் பாடல்களையும் டலாராஸும் அன்னா விஸ்ஸியும் பாடி வெளியிட்டார்கள். அதே கவிஞர், அதே இசையமைப்பாளர். நானாவின் 1960 பதிவையும் இதையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். நான் சொல்லும் வித்தியாசம் உடனே காதில் விழும்.

அதற்கு முன்பே, 1972-இல், ‘மிக்ரா ஆசியா’ (ஆசியா மைனர்) என்ற தொகுப்பு வந்துவிட்டது. 1922-இல் ஆசியா மைனரின் ஸ்மிர்னா நகரம் (இன்றைய இஸ்மிர்) எரிந்தது, மறு ஆண்டு ஒப்பந்தப்படி கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே மக்கள் பரிமாற்றம் நடந்தது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கிரேக்கத்துக்கு அகதிகளாக வந்தார்கள். அந்தப் பேரழிவின் ஐம்பதாம் ஆண்டில் அப்போஸ்தொலோஸ் கல்தாராஸ் இசையில், பித்தாகோராஸ் எழுதிய வரிகளில் வந்த தொகுப்பு இது. டலாராஸோடு பாடியவர் அப்போது புதுமுகமாக இருந்த ஹாரிஸ் அலெக்சியூ. அவருடைய தாய்வழியினரே ஸ்மிர்னா பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஒரே தொகுப்பில் ஒரு சமூகத்தின் இடப்பெயர்வும், அலெக்சியூ என்ற இன்னொரு பெரும் பாடகிக்கான வழியும் கிடைத்துவிடுகின்றன.

1975-இல் வந்த ரெபெட்டிகோ இரட்டைத் தொகுப்புதான் என்னை முழுதாகச் சாய்த்தது. ஹஷீஷ், சிறை, காதல், கடன் என்று பாடியதால் மெட்டாக்ஸாஸ் காலத்தில் தணிக்கைக்குள்ளான பாட்டுகள் அவை. அவற்றை எழுதியவர்கள் பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள் அல்லது மறக்கப்பட்டிருந்தார்கள். இருபத்தைந்து வயதுகளில் இருந்த ஒரு நட்சத்திரப் பாடகர் அவற்றைத் திரும்பப் பாடியதும், புதிய தலைமுறை பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் போனது. நானும் அப்படித்தான் போனேன். டலாராஸ் வழியாக வசிலிஸ் சிட்சானிஸ், பிரேயஸின் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்த மார்கோஸ் வம்வகாரிஸ், அவருக்கும் முந்திய ஸ்மிர்னா பாடகர்கள் வரை. நானா வழியாகப் போனபோது பிரெஞ்சு மெல்லிசைக்கும், ஜெர்மன் ஜனரஞ்சகப் பாட்டுக்கும், அமெரிக்க நாட்டுப்புறத்துக்கும் போய்ச் சேர்ந்தேன். அவையும் நல்ல இடங்களே. ஆனால் நான் தேடியது கிரேக்கத்தை.

டலாராஸிடம் குறை இல்லாமல் இல்லை. ரெபெட்டிகோவின் கரகரப்பை அவர் துடைத்துவிட்டார், எல்லாவற்றையும் ஒரே நேர்த்தியில் பாடுகிறார் என்று பழம் ரசிகர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. வம்வகாரிஸின் கட்டைக் குரலைக் கேட்ட பிறகு டலாராஸுக்குத் திரும்பினால் சட்டை கசங்காதவர்போலத் தெரிவார். தொகுப்புகளும் மலைபோல் குவிந்திருக்கின்றன. லத்தீன் இசை, அல் டி மியோலாவின் கிட்டார், பால்கன் இசையமைப்பாளர் கோரான் பிரெகோவிச்சுடன் ஒரு தொகுப்பு என்று பிற்காலத்தில் பல திசைகளில் போயிருக்கிறார். அவற்றில் என் கேள்வி ஞானம் மெலிந்தது. 1970-களைப் பற்றிச் சொல்லும் உறுதியோடு அவற்றைப் பற்றிச் சொல்லமாட்டேன்.

நானாவின் பிரெஞ்சுப் பாடல்களுக்கும் இதையே சொல்லவேண்டும். அந்த மொழியில் வளர்ந்தவர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பாடகியாகவே நினைக்கிறார்கள், அதை எடைபோட எனக்குத் தகுதியில்லை. உழைப்பின் நீளத்தைப் பார்த்தாலும் அவர் அசாத்தியமானவர். 1962-க்குப் பிறகு தாய்நாட்டில் கச்சேரி செய்யாதவர், 1984-இல் அக்ரோபோலிஸ் அடிவாரத்தில் உள்ள ஹெரோடஸ் அட்டிகஸ் அரங்குக்குத் திரும்பி வந்து பாடினார். யூனிசெஃப் தூதராகவும் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 2008-இல் அதே அரங்கில் விடைபெற்றார், சில ஆண்டுகளில் மறுபடியும் மேடைக்கு வந்தார். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக் சுடரை ஏதென்ஸில் ஒப்படைத்தபோது 89 வயதில் இரு நாடுகளின் தேசிய கீதங்களையும் பாடினார்.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. இணையத்தில் நானாவைத் தேடினால் ஒரே மெட்டு ஐந்தாறு மொழிகளில், விதவிதமான தொகுப்புகளில் கொட்டும். அவற்றுக்கிடையே ஆரம்பகாலக் கிரேக்கப் பதிவுகளைப் பொறுக்கி எடுக்கப் பொறுமை வேண்டும். டலாராஸிடம் ஒரு சிறு வரிசையைப் பிடித்தால் போதும். முதலில் ‘மிக்ரா ஆசியா’, அடுத்து 1975 ரெபெட்டிகோ, பிறகு தியோடோராகிஸின் பதினெட்டுப் பாடல்கள், அதன்பின் ஸ்தாவ்ரோஸ் கூயூம்ட்சிஸ் அவருக்கு அமைத்த மெட்டுகள். இவ்வளவும் காதில் ஊறிய பிறகு நானாவின் 1959 முதல் 1962 வரையிலான ஹட்சிடாகிஸ் பாடல்களுக்குப் போங்கள். எதை வடிகட்டி அந்தத் தேனை எடுத்தார்கள் என்று அப்போது தெரியும். எனக்கு நானா உண்மையில் பிடித்துப்போனது இந்த வரிசையில் கேட்ட பிறகுதான்.